கமராவுக்கு முன் எரிந்த காமன்

சென்ற மாதம் கண்டி நகரிலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எங்கள் தப்பு இசைக் குழுவின் அடிகளை ஒவ்வொன்றாகப் பதிந்து கணினியில் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். இனிமேல் ஒரு படத்துக்கோ நாடகத்துக்கோ தப்பு ஒலி தேவைப்பட்டால் ஆட்களை வேனில் ஏற்றி வரவேண்டியதில்லை. பேசியவர் மரியாதையான இளைஞர். எந்த அடி எதற்கானது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கலியாணம், சாமி புறப்பாடு, சாவு, காமன் எரிப்பு எல்லாவற்றுக்கும் எழுதினேன். ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன். எரிந்த காமனை உயிர் எழுப்பும் அடி. அது எதற்கானது என்று தெரியும். எப்போது தேவைப்படும் என்பதை இரண்டு வரியில் அடக்க முடியவில்லை. அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

நான் தப்பு அடித்தவன் அல்ல, பாடியவனும் அல்ல. அக்குறணையில் பிறந்து, ஒரு தமிழ் நாளிதழுக்குக் கண்டியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். யார், என்ன, எங்கே, எப்போது என்பது தெரியாமல் முதல் வரியை எழுதாதே என்பதுதான் அங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தைப் பற்றி ஒருமுறை அரைப் பக்கம் எழுதினேன். அதோடு வெளியான படத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களப் படக் குழு ஒன்று அந்தக் கலைஞர்களைத் தேடி வந்தது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்தில் பலருக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்கு வரும், படப்பிடிப்பு அளவுக்கு வராது. நடுவில் நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்திரிகை தன் கண்டிக் கிளையை மூடிய பிறகு அந்த நடு இடமே என் தொழிலாகிவிட்டது. விசிட்டிங் கார்டில் 'ஒழுங்கமைப்பாளர்' என்று போட்டிருந்தேன். தோட்டத்தில் எல்லாருக்கும் நான் 'நானா', அதாவது முஸ்லிம் அண்ணன்.

தப்பு என்பது வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய கருவி. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். எங்கள் குழுவின் தலைவர் கருப்பையா மாஸ்டர். கூத்தில் முன்பாட்டும் அவர்தான். முதல் வேலை பல்லேகலவுக்கு அருகில் ஒரு கலியாண ஊர்வலக் காட்சி. அந்தப் படத்தின் டைரக்டர் எல்லா அடிகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒன்றைத் தெரிவு செய்தார். அது சாவு அடி. மாஸ்டர் மறுத்துவிட்டார். மணமகனும் மணமகளும் நடிகர்கள், அவர்கள் உண்மையில் கலியாணம் செய்யவில்லை என்று டைரக்டர் விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். "அடிக்கிறது நெசமாத்தானே நானா" என்றார் மாஸ்டர். அதையும் மொழிபெயர்த்தேன். கடைசியில் கலியாண ஊர்வலத்துக்குக் குறுக்கே ஒரு சவ ஊர்வலம் போவது போலக் காட்சியை மாற்றினார்கள். விமர்சகர்கள் அந்தக் காட்சியை மிகவும் பாராட்டியதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு வந்த வேலைகளைப் பட்டியலிடத் தேவையில்லை. டெலி நாடகத்தில் தோட்டம் வந்தால் தப்பு வரும். ஒருவர் செத்தாலோ திருவிழா என்றாலோ எங்களைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்பு மாஸ்டர் என்னிடம் கதை கேட்பார். யார் சாகிறார், யாருக்குக் கலியாணம் என்று தெரிந்துகொண்டுதான் தப்பை எடுப்பார். இது பல வருடம் பிசகில்லாமல் நடந்தது. பிசகியது டைரக்டர் கித்சிறி சேரின் டெலி நாடகத்தில்.

கித்சிறி சேர் உயரமானவர், தாழ்ந்த குரல்காரர். படப்பிடிப்பில் 'கட்' என்று அவர் கத்தி நான் கேட்டதில்லை. கையை உயர்த்துவார், உதவியாளர் கத்துவார். யாராவது ஒரு சிக்கலைக் கொண்டுபோனால் சட்டைப் பையிலிருந்து தோடம்பழம் ஒன்றை எடுத்துத் தோலை ஒரே நாடாவாக உரிக்கத் தொடங்குவார். உரித்து முடியும்வரை கேட்பார். பிறகு "பலமு" என்பார். பார்ப்போம் என்பதற்கான சிங்களச் சொல் அது. அவர் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஆம் என்றும் சொன்னதில்லை. பழத்தில் பாதியை எதிரே இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். கேட்கப் போனவர் பழத்தைத் தின்றுகொண்டு திரும்பி வருவார்.

அவருடைய நாடகத்தில் காமன் கூத்து வருகிறது. கூத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் ஆட்களை நிறுத்தி, காப்புக் கட்டி ஆடுவார்கள். காப்பு என்பது மஞ்சள் துண்டு வைத்து மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் நூல். முடிவில் சிவன் மன்மதனை எரிப்பார். கம்பம் எரியும், மன்மதன் வேடக்காரர் விழுவார், மேலே மஞ்சள் துணி போர்த்துவார்கள். பிறகு ஒரு நாள் அதே இடத்தில் உயிர் எழுப்பும் பாட்டைப் பாடி அவரை எழுப்புவார்கள். எரிப்புக்கும் எழுப்புதலுக்கும் இடையில் அந்த மனிதர் செத்தவர். இந்தத் தோட்டத்து வழக்கப்படி அவர் யாருடனும் பேசக்கூடாது, தன் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, மனைவியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. எழுப்பும்போது எரிந்த அன்று போட்டிருந்த அதே உடுப்பில் கிடக்க வேண்டும்.

எங்கள் குழுவில் பல வருடமாக மன்மதன் யோகன்தான். பகலில் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய மனைவி சாந்தி வீட்டு வேலைக்குக் குவைத் போயிருந்தார். ஒப்பந்தம் முடிந்து வரப்போகும் வாரத்தில்தான் இந்தப் படப்பிடிப்பு. ஞாயிறு படப்பிடிப்பு, வியாழன் மாலை சாந்தி கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறார். யோகன் அந்த வியாழனுக்கு முன்கூட்டியே லீவு எடுத்து, என் வேனையும் சொல்லி வைத்திருந்தார்.

மாஸ்டர் வழக்கம்போல் கதை கேட்டார். காமனாக ஆடும் இளைஞனை அன்றே ஒருவன் கொன்றுவிடுகிறான், அதனால் கூத்து பாதியில் நிற்கிறது. இதுதான் கதை. அப்படியானால் எழுப்புதல் கிடையாதா என்று கேட்டார். நான் போய்க் கித்சிறி சேரிடம் கேட்டேன். பலமு என்றார். மாஸ்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். காப்புக் கட்டாமல் ஆடலாம். காப்புக் கட்டினால் அது கூத்து, கட்டாவிட்டால் வெறும் நடிப்பு. நடிப்பில் செத்தவனை எழுப்ப வேண்டியதில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் அது தெளிவான விதியாகவே பட்டது.

படப்பிடிப்பு திகனவுக்கு அப்பால், நீர்த்தேக்கம் தெரியும் ஒரு வெளியில். காலை வெயிலில் எடுத்தார்கள். பிறகு நிறத்தை மாற்றி இரவாக்கிக்கொள்வார்களாம். பாட்டும் அடியும் கண்டியில் முன்பே பதிவாகியிருந்தன. ஸ்பீக்கரில் அதைப் போடுவார்கள், எங்கள் ஆட்கள் அதற்கேற்ப வாயும் கையும் அசைத்தால் போதும். இது தெரிந்திருந்தும் மாஸ்டர் விடியலிலேயே நெருப்புமூட்டித் தப்புகளைக் காய்ச்சத் தொடங்கினார். ஒலிப்பதிவாளர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சத்தம் வரக்கூடாது என்று சொல்லித் தோலுக்குப் பின்னால் பஞ்சு ஒட்டினார். தப்புக்குப் பஞ்சு ஒட்டிப் பார்த்தது எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதல் தடவை. ஒருவர் தப்பைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்காரன் நெஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

மாஸ்டர் நெருப்பருகே இருந்த அந்த நேரத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு கூடாரத்தில் யோகனுக்கு வேடம் போட்டார்கள். கித்சிறி சேருக்கு எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். கலைப் பிரிவினர் முந்தின வருடக் கூத்தில் எடுத்த புகைப்படங்களைக் கூடாரத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். படத்தில் மன்மதனின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் இருந்தது. ஆகவே ஒப்பனைக்காரர் சந்தையில் மஞ்சள் வாங்கி வைத்திருந்து, நூலில் கோத்து, யோகனின் மணிக்கட்டில் கட்டினார். காப்புக் கட்டும்போது தலைகுனிந்து பேசாமல் நிற்பது வழக்கம். மாஸ்டர் மனம் மாறிச் சொல்லியனுப்பியிருக்கிறார் என்று நினைத்த யோகன் தலைகுனிந்து பேசாமல் நின்றார்.

கம்பத்துக்குத் தீ வைத்து, சிவன் தன் நெற்றியைத் தொட, யோகன் விழுந்தார். மஞ்சள் துணியைப் போர்த்தினார்கள். கித்சிறி சேர் கையை உயர்த்தினார். சரியாக வரவில்லை, இன்னொரு முறை. யோகன் எழுந்து போய் நின்று மறுபடி எரிந்தார். அப்படிப் பலமுறை. கடைசியாக எடுத்தது பிடித்துப்போக, உதவியாளர் முடிந்தது என்று கத்தினார். மாஸ்டர் துணியை விலக்கிக் கை கொடுத்தார். அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தார்.

"யாருடா இது கட்டினது?"

யோகன் பதில் சொல்லவில்லை.

கன்டினியுட்டி பார்க்கும் சச்சினி என்ற பெண் வந்து கிரீடம், தோள் வளை, கரும்பு வில், மஞ்சள் துணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒரு காட்சியில் எது எப்படி இருந்ததோ, அடுத்த முறை எடுக்கும்போதும் அது அப்படியே இருக்க வேண்டும். அதைக் கவனிப்பது அவர் வேலை. மூன்று வாரம் கழித்து, காமனின் உடல் கிடக்கும் காட்சியை எடுக்க இருந்தார்கள். ஆகவே துணியின் ஒவ்வொரு மடிப்பையும் கரியையும் போனில் படம் பிடித்து, அதே மடிப்பில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். நூலையும் வெட்டி எடுக்கக் கத்தரியோடு வந்தார். யோகன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நூல் அவரிடமே இருக்கட்டும் என்று நான் சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வரும் வேனில் நடந்த வாதத்தை நான் மறக்க மாட்டேன். ஒருவர் சொன்னார், ஒப்பனைக்காரன் கட்டியது காப்பே அல்ல, பூசையில்லை, மந்திரமில்லை. இன்னொருவர், கட்டினவனைப் பார்க்கக்கூடாது, கட்டிக்கொண்டவன் தலைகுனிந்தானா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். பாட்டு ஸ்பீக்கரில் வந்தது, தப்பில் பஞ்சு இருந்தது, அப்படியானால் எரிப்பே நடக்கவில்லை என்றார் மூன்றாமவர். பின்சீட்டிலிருந்து ஒரு குரல், அப்படியும் விழுந்தானே என்றது. எனக்கு வலுவாகப் பட்ட வாதம் ஒன்றுதான். முதல் தடவை எரிந்த பிறகு அவர் தானாகவே எழுந்து நடந்தாரே, அதுவே எழுப்புதல் ஆகாதா? மாஸ்டர் அதை ஏற்கவில்லை. 'கட்' என்று ஒருவர் கத்தியதற்கு எழுந்தான், பாட்டுக்கு எழவில்லை என்றார். உங்கள் மார்க்கத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று என்னிடமும் கேட்டார்கள். எங்கள் மார்க்கத்தில் இந்தச் சந்தேகம் வர வழியே இல்லை என்றேன்.

நிருபனுக்கு ஒரு வழி உண்டு. குழப்பமான விஷயத்தில் சம்பந்தப்பட்டவரிடமே நேரடியாகக் கேட்பது. முன்சீட்டிலிருந்து திரும்பி, "யோகன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். செத்தவர் பேச மாட்டார். அவர் பேசாததால் விஷயம் தீர்ந்துவிட்டது.

அன்று அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. மாஸ்டர் வீட்டு வாசல் இஸ்தோப்பில் பாய் போட்டுப் படுத்தார். திங்கட்கிழமை வேலைக்கும் போகவில்லை. சாந்தி குவைத்திலிருந்து போன் எடுத்தபடி இருந்தார். யோகன் திரையில் பெயரைப் பார்ப்பார், போனைக் கவிழ்த்து வைப்பார். பேசத்தானே கூடாது, எழுதி அனுப்பலாமே என்று நான் மாஸ்டரிடம் சொன்னேன். "செத்தவன் எழுதுவானா நானா?" என்றார். கடைசியில் மாஸ்டரின் மனைவிதான் போனை எடுத்தார். அவர் இப்போது பேச மாட்டார், நீ வா, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். தூரத்தில் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை திகனவில் கித்சிறி சேர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். என்ன கேட்பது என்று எழுதியே வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து உடுப்பைத் தாருங்கள், அந்த வெளியில் வைத்து எழுப்பிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திருப்பித் தருகிறோம். அவர் தோடம்பழத்தை எடுத்தார். பக்கத்தில் சச்சினி இருந்தார். முடியாது என்று சொன்னது அவர்தான். தன் போனை எடுத்துத் துணியின் மடிப்புகளைக் காட்டினார். இந்த மடிப்பு இடது தோளில், இந்தக் கரி முழங்காலுக்கு மேல், இதை ஒருவர் மறுபடி உடுத்தினால் எல்லாம் கலைந்துவிடும், பிறகு எடுக்கும் காட்சி இந்தக் காட்சியோடு சேராது. அன்று எப்படிக் கிடந்தாரோ அப்படியே தொடர வேண்டும் என்றார். மாஸ்டரும் இதே சொற்களைத்தான் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். யாருக்கு எதை மொழிபெயர்ப்பது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

கித்சிறி சேர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் எழுந்துவிட்டால் என் கதை என்னாவது? நான் மறுபடி உடுப்பையே கேட்டேன். பலமு என்றார். பாதிப் பழத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய் முழுக்கத் தகவல் இல்லை. புதன் பிற்பகல் அவரே போன் எடுத்தார். பெட்டியைத் திறக்கலாம், ஆனால் திறந்தால் கமராவும் ஓட வேண்டும் என்றார். எழுப்புவதைப் படம் பிடிப்பார், பயன்படுத்துவாரா என்பது தெரியாது. நான் மாஸ்டரிடம் சொன்னேன். கமரா ஓடினால் ஓடட்டும், பாட்டு நம் வாயிலிருந்து வரவேண்டும், பஞ்சு இருக்கக்கூடாது என்றார்.

வியாழன் காலை வெளியில் எரிந்த கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் நின்றது. யோகன் கிரீடமும் வளையும் அணிந்து கரித்தரையில் படுத்தார். சச்சினி போனைப் பார்த்துப் பார்த்து அவர்மீது துணியைப் போர்த்தி, ஒவ்வொரு மடிப்பாக நகர்த்திச் சரிசெய்தார். தோளில் ஒன்று சேராமல் நின்றது. மண்டியிட்டு விரலால் நீவி, படத்தோடு ஒப்பிட்டு, மறுபடி நீவினார். எங்கள் ஆட்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. இவ்வளவு கவனமாகப் போர்த்தப்பட்டதைத் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை என்று மாஸ்டர் என் காதில் சொன்னார்.

பிறகு தப்புகள் காய்ந்தன. எழுப்பும் அடி மெதுவாக, இடைவெளி விட்டு விட்டுத் தொடங்கும். கேட்பவருக்கு அடுத்த அடி வருமா வராதா என்று சந்தேகம் வரும். மாஸ்டர் பாடத் தொடங்கினார். மஞ்சள் நீரைத் தெளித்தார். அடி நெருங்கி நெருங்கி வந்து ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போனது. ஒலிப்பதிவாளர் அன்று வரவில்லை. பழைய தொழில் பழக்கத்தில் நான் என் போனில் பதிவு செய்துகொண்டு நின்றேன். துணி அசைந்தது. யோகன் எழுந்து உட்கார்ந்தார். மாஸ்டர் நூலை வெட்டினார்.

யோகன் என்னைப் பார்த்து, "நானா, பிளைட் எத்தனை மணிக்கு?" என்றார்.

கட்டுநாயக்கவில் சாந்தி பெட்டிகளோடு வெளியே வந்தார். யோகனைக் கண்டதும் நின்றார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து அவருடைய முகத்தையும் கைகளையும் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை இருந்தது. வேனில் ஏறிய பிறகு யோகன் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஒப்பனைக்காரர், பஞ்சு, பெட்டி எல்லாம். கம்பஹா தாண்டும்வரை சாந்தி குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டார்.

"நீங்க செத்துட்டீங்கனு நெனச்சுக்கிட்டுத்தான் நான் பிளேன்ல உக்காந்திருந்தேன். அது சரியா, தப்பா?"

யோகன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எனக்குக் குழப்பம் இருந்திருக்காது. சில மாதம் கழித்து நாடகம் ஒளிபரப்பானது. கித்சிறி சேர் எழுப்பும் காட்சியைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் முடிவில் அல்ல. நாடகத்தின் தொடக்கத்தில், பெயர்கள் ஓடும் இடத்தில், வயலின் இசையோடு வைத்திருந்தார். ஒருவன் துணிக்குள்ளிருந்து மெல்ல எழுகிறான், பெயர்கள் ஓடுகின்றன. எரிப்பு கடைசி வாரத்தில் வந்தது. யோகன் விழுகிறார், துணி மூடுகிறது, நாடகம் முடிகிறது. தொடக்கத்தில் உயிர், முடிவில் சாவு. நான் போன் எடுத்துக் கேட்டேன். அப்படித்தான் கதை நிற்கிறது என்றார். மிக அழகான காட்சி அது, சச்சினியின் மடிப்புகள் அற்புதமாகச் சேர்ந்தன என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கடைசி வாரத்தை யோகன் தன் வீட்டில் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். துணி மூடியதும் எழுந்து, யாரிடமும் பேசாமல், வாசலைத் தாண்டி வெளியே போய்க் குந்திவிட்டார். சாந்தி எனக்குப் போன் எடுத்தார். பதற்றம் இல்லாத குரல், கொஞ்சம் கோபம் மட்டும். நான் மாஸ்டரைக் கேட்டேன். டீவியில் எரிந்தால் என்ன செய்வது என்று தன்னுடைய அப்பா சொல்லித் தரவில்லை என்றார். இந்த முறை காப்பு இல்லையே என்று நினைவூட்டினேன். படத்துல கட்டியிருக்கே நானா என்றார்.

சாந்திதான் வழி கண்டார். அன்று நான் போனில் பதிந்தது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அனுப்பினேன். வாசற்படியில் போனை வைத்து அதை முழுவதும் போட்டிருக்கிறார். யோகன் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே வந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். போனில் வந்த பாட்டு செல்லுமா என்று நான் மாஸ்டரிடம் கேட்டேன். எழுந்துட்டான்ல என்றார்.

நாடகம் இரண்டு தடவை மறு ஒளிபரப்பானது. இரண்டு தடவையும் சாந்தி போனை வாசற்படியில் வைத்தார். இப்போது அது இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். முதலில் இது யோகனைப் பெரிதும் வருத்தியது. எந்த ஊரில் எவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, தான் இந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறோமோ என்று. பிறகு அவரும் மாஸ்டரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். யோகனின் கண்ணில் பட்டால் மட்டுமே கணக்கு. மற்றவர்கள் பார்ப்பது அவரைச் சேராது. இந்த விதியை எதை வைத்து வகுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் போட்ட விதியும் தெளிவாகத்தான் இருந்தது.

நான் குழுவின் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சாந்தி அழைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ இணையத்தில் நாடகத்தைப் போட்டிருக்கிறார்கள், யோகன் தேங்காய் கேட்கப் போன இடத்தில் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டார். இப்போது வாசலில் குந்தியிருக்கிறார். போன் மாற்றியதில் அந்தப் பதிவு அழிந்துபோய்விட்டது. உடனே அனுப்புங்கள் என்றார். அனுப்பிப் பார்த்தேன், சாந்தியின் போனில் டேட்டா முடிந்திருந்தது, போய்ச் சேரவில்லை.

"அப்படியே போன்ல போடுங்க நானா, நான் ஸ்பீக்கர்ல வச்சிக்கிறேன்."

மனைவியின் போனை வாங்கி, அதிலிருந்து சாந்தியை அழைத்துக்கொண்டு, என் போனில் பதிவைப் போட்டு, இரண்டையும் மேசையில் வாய்க்கு வாய் வைத்துப் பிடித்தேன். அக்குறணையில் எங்கள் வீட்டு முன்னறையில் எழுப்பும் அடி தொடங்கியது. என் மனைவி குசினியிலிருந்து வந்து பார்த்தார்.

"யாருக்கு இந்தக் கொட்டு?"

"ஒருத்தர வீட்டுக்குள்ள எடுக்கணும்."

அவர் இரண்டு போன்களையும் என்னையும் பார்த்தார். "அப்ப சத்தத்தக் கூட்டி வைங்க" என்றுவிட்டு உள்ளே போனார்.

கூட்டி வைத்தேன். அடி நெருங்கி, இடைவெளி இல்லாமல் போய், நின்றது. மறுபக்கத்தில் கதவுச் சத்தம். பிறகு யோகனின் குரல், போனுக்கு மிக அருகில்.

"நானா, நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கேன் என்றேன். அதே கேள்வியை அவரிடம் எப்படித் திருப்பிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அங்கே சோறு போட்டுவிட்டார்கள் போலும், போனை வைத்துவிட்டார்.